வெளிச்சத்துக்கு யாரு முறை?

ஆளே இல்லாத வரிசையில் ஒரு மனிதர் நின்றதை என் பட்டறை வாசலில்தான் பார்த்தேன்.

திருவொற்றியூரில் பெரிய சாலையிலிருந்து உள்ளே தள்ளி, அப்பா விட்டுப்போன லேத் பட்டறையை நான்தான் நடத்துகிறேன். ஒரு லேத்து, ஒரு வெல்டிங் செட்டு, லேத் ஓட்ட ஒரு டர்னர், அப்புறம் என் வாய். இந்த நாலும் இருந்தால் பிழைத்துக்கொள்ளலாம். அன்றைக்கு உச்சி வெயில். படகு எஞ்சினின் தண்டு ஒன்றைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஒருவர் வாசலில் நின்றார். மெலிந்த உடம்பு, மடித்துக் கட்டிய லுங்கி, உப்பில் வெளுத்த சட்டை. உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை.

"எனுக்கு முன்னாடி ஒருத்தர் கீறாரு தங்கச்சி" என்றார்.

எட்டிப் பார்த்தேன். யாரும் இல்லை. தரையில் ஒரு தண்ணீர் மோட்டார் மட்டும் கிடந்தது. அதைக் கொண்டுவந்த ஆள் இறக்கிப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போயிருந்தான். அந்த மோட்டாருக்குப் பின்னால்தான் இவர் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்.

"அவன் துன்னுட்டு எப்ப வருவானோ. உங்களுது சின்ன வேலதான்ணே. குடுங்க, முடிச்சு அனுப்பிடறேன்."

"அவரு முறைய நான் எடுத்துக்கவா? நல்லா கீதே நீ சொல்ற நாயம்!"

அவன் ஏப்பம் விட்டுக்கொண்டு வந்து சேரும்வரை இவர் வெயிலிலேயே நின்றார். எனக்குப் பைத்தியமே பிடித்துவிட்டது. பஸ்ஸில் ஏறினாலும் ரேஷன் கடைக்குப் போனாலும் முழங்கையால் இடித்துக்கொண்டு முன்னால் போகிற ஜாதி நான். இப்படி ஒரு பிறவி இந்த வடசென்னையில் எப்படி இத்தனை வருஷம் பிழைத்தது என்று டர்னரிடம் கேட்டேன். அவன் சிரித்தான். அந்த ஆளுக்குக் குப்பத்தில் பெயரே 'முறை'தான் என்றான். சொந்தப் பெயர் ஒன்று உண்டு. எனக்கும் தெரியும். அந்தப் பெயரில் அவரை யாரும் கூப்பிட்டதில்லை என்பதால் இங்கேயும் எழுதவில்லை.

கொசஸ்தலை ஆறு எண்ணூரில் கடலைத் தொடுகிற இடத்துக்குக் கொஞ்சம் உள்ளே இருக்கிறது அவருடைய குப்பம். ஆற்றில் இறால் பிடிக்கிறவர்கள். அங்கே எவனும் நினைத்த நாளில் நினைத்த இடத்தில் வலையை இறக்கிவிட முடியாது. ஆற்றை இடம் இடமாகப் பிரித்திருக்கிறார்கள். இன்றைக்கு இந்த இடம் ஒரு குழுவுக்கு, நாளைக்கு அது அடுத்த குழுவுக்கு. இப்படிச் சுற்றிச் சுற்றி வரும். அதற்குப் பாடு என்று பெயர். கல்யாணமான ஒவ்வொரு ஆணும் ஒரு தலைக்கட்டு. தலைக்கட்டு இருந்தால் பாட்டில் முறை உண்டு. யாருக்கு எப்போது என்பதை அங்கே எவரும் எழுதி வைத்ததில்லை. எல்லாம் இவர் மண்டையில் இருந்தது. விடியற்காலையில் சந்தேகம் வந்தாலும் இவர் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள்.

ஒருநாள் லேத்தில் வேலை ஓடிக்கொண்டிருந்தபோது, ஊர்க்கதை பேசுவதைப் போல ஒன்று சொன்னார். அடுத்தவர் முறையன்று ஒருத்தன் கள்ளத்தனமாக வலை இறக்கியிருந்தானாம். இவர் போய் வலையைக் கண்டம் துண்டமாக அறுத்துப் போட்டாராம்.

"யாருண்ணே அவன்?"

"என் தம்பிதான்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "கூடப் பொறந்தவன் வலையவா அறுத்தீங்க?"

"அப்பால எவன் வலைய அறுக்கறது? ஊரான் வலைய அறுத்துட்டு, தம்பி வலைய உட்டுடலாமா?"

தம்பி இவரோடு பேச்சை நிறுத்திப் பல வருஷமாகிறது. அதையும் அதே குரலில்தான் சொன்னார். சொல்லிவிட்டு, தண்டில் பிசிர் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தார். எனக்கு அவர்மேல் மரியாதை வந்ததா பயம் வந்ததா என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்லத் தெரியாது.

அவர் மனைவியை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். மார்க்கெட்டுக்குக் கூடை கொண்டுபோகிற நாளில் பட்டறையில் இறங்கித் தண்ணீர் குடித்துவிட்டுப் போவார். கணவருக்கு நேர் எதிர். வாயைத் திறந்தால் மூடமாட்டார். அவருடைய வலது ஆள்காட்டி விரல் மடங்காது. கம்பி மாதிரி நீட்டிக்கொண்டே இருக்கும். டம்ளரைப் பிடிக்கும்போது அந்த விரல் மட்டும் என்னைக் காட்டிக்கொண்டு நிற்கும். ஒருநாள் கேட்டேவிட்டேன்.

வலை கரைக்கு வந்ததும் இறாலைப் பொறுக்கிப் பிரிப்பது பெண்கள் வேலை. பெரும்பாலும் விடிவதற்கு முந்தைய இருட்டில் நடக்கும். அப்படி ஒருநாள் வலைக்குள் கிடந்த கெளுத்தி மீனின் முள் விரலில் ஏறிவிட்டது. கெளுத்தி முள்ளில் விஷம் உண்டு. வலி தாங்காமல் அலறியவரைக் கணவர்தான் ஷேர் ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அங்கே நீளமான வரிசை. ரத்தம் சொட்டுவதைப் பார்த்த நர்ஸம்மா, நீ முதலில் வா என்று கூப்பிட்டார்.

"இந்த மன்சன் இன்னா சொல்லுச்சு தெரியுமா? 'இல்லமா, எங்களுக்கு முன்னாடி இவங்கோ வந்துட்டாங்கோ'ன்னு அத்தினி பேரையும் கை காட்டுது! அவங்கோளே போம்மா போம்மான்றாங்கோ. இது என் கைய உட மாட்டேன்னுது. என் வெரலு போச்சு. அது முறை நின்னுச்சு."

அண்ணி சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் சிரிக்கவில்லை. அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த முறை அண்ணன் வந்தபோது நன்றாக நாலு வார்த்தை கேட்டேன். கீழே கிடந்த இரும்புச் சுருளைக் காலால் ஒதுக்கிக்கொண்டே இருந்தார். "கரைல ஒரு வெளக்கு இருந்திருந்தா முள்ளு தெரிஞ்சிருக்கும்" என்று மட்டும் சொன்னார்.

அதற்குப் பிறகு வெளிச்சப் பைத்தியம் பிடித்தது அவருக்கு. எதிர்க்கரையில் வானத்தைத் தொடுகிற புகைபோக்கிகள். ஊருக்கெல்லாம் அங்கிருந்துதான் கரண்ட் போகிறது. ஆனால் இவர்கள் வலை இழுக்கிற கரை வெறும் மணல். மழைக்கு மழை அரித்துக்கொண்டு போகும், கம்பம் நிற்காது என்று சொல்லிவிட்டார்கள். யாரோ புண்ணியவான்கள் சோலார் பலகை கொண்டுவந்து வைத்தார்கள். அதன்மேல் உப்பும் கரித்தூளும் படிந்து அப்பளம் மாதிரி ஆனது. துடைத்துத் துடைத்து வைத்தார்கள். ஒருநாள் காலையில் பார்த்தால் பலகையையே எவனோ கழற்றிக்கொண்டு போயிருந்தான்.

பிறகு ஒருநாள் நீல நிறப் பிளாஸ்டிக் பீப்பாய் ஒன்றை நெடுக்கே இரண்டாகப் பிளந்து தலையில் வைத்துக்கொண்டு வந்து நின்றார். வலை கட்டுகிற கழியில் ஓர் உடைந்த பீப்பாய் மாட்டிக்கொண்டு, தண்ணீர் போகிற போக்கில் சுற்றிக்கொண்டே இருந்ததாம். காலையிலிருந்து சாயங்காலம்வரை உட்கார்ந்து அதையே பார்த்திருக்கிறார்.

"கடல் தண்ணி உள்ள ஏறிச்சு, அப்பவும் சுத்துச்சு. எறங்கிச்சு, அப்பவும் அதே பக்கமாவே சுத்துச்சு தங்கச்சி. நிக்கவே இல்ல. இத்தப் புடிச்சு ஒரு பல்பு எரிய வெக்க முடியாதா?"

நான் பெரிதாகச் சிரித்துவிட்டேன். அந்த ஆற்றை நான் பார்த்திருக்கிறேன். சாப்பிட்டுவிட்டு உலாவப் போகிறவர் மாதிரிதான் நகரும். கரண்ட் எடுக்க அணை வேண்டும், அருவி வேண்டும் என்றேன்.

"மெதுவா போனா இன்னா, போவுதுல்ல?" என்றார்.

அவர் கேட்டது எனக்குச் சுருக்கென்றது. அன்றைக்கே வேலையை எடுத்துக்கொண்டேன். ஒரு பாதி இந்தப் பக்கமும் மறுபாதி அந்தப் பக்கமும் பார்க்கும்படி பீப்பாயின் இரண்டு துண்டுகளையும் ஒரு இரும்புத் தண்டில் பூட்டினோம். மிதப்பதற்குக் கீழே வேறு பீப்பாய்கள். காயலாங்கடையில் கிடந்த பேட்டரி ஸ்கூட்டரின் பின்சக்கரத்தை டர்னர் தேடிக் கொண்டுவந்தான். அதற்குள்ளேயே மோட்டார் இருக்கும். கரண்ட் கொடுத்தால் அது சுற்றும். நாம் சுற்றிவிட்டால் அது கரண்ட் கொடுக்கும். பீப்பாய் மெதுவாகச் சுற்றினாலும் இந்தச் சக்கரம் வேகமாகச் சுற்றவேண்டும் என்பதற்காக நடுவே சைக்கிள் பல்சக்கரமும் செயினும் போட்டோம்.

முதலில் இறக்கியது ஒரு பொழுதுகூடத் தாங்கவில்லை. ஆற்றில் வந்த பிளாஸ்டிக் பை அத்தனையும் சுற்றிக்கொண்டு நின்றுவிட்டது. அடுத்ததில் தண்டு வளைந்தது. பிறகு உப்புக்காற்றில் செயின் இறுகிப்போனது. ஒவ்வொரு தடவையும் எனக்கு ஆத்திரம் வரும், சுத்தியலைத் தூக்கி எறிவேன். அவர் எறிந்ததை எடுத்துவந்து என் கையில் கொடுப்பார். இதற்கு நடுவிலும் மற்ற வாடிக்கைக்காரர் வந்துவிட்டால், "அவுங்கள்து பாரு, நான் அப்பால வரேன்" என்று நகர்ந்துவிடுவார்.

கடைசியில் ஒரு சாயங்காலம் எரிந்தது. நான் அங்கேதான் இருந்தேன். கடல் தண்ணீர் ஆற்றுக்குள் ஏறுகிற நேரம். பீப்பாய் சோம்பலாக ஒரு சுற்று சுற்றியது, இன்னொரு சுற்று சுற்றியது. பகலெல்லாம் அது சுற்றி நிரப்பியிருந்த பேட்டரியில் ஒரு விளக்கை மாட்டி, அவர் சுவிட்சைத் தட்டினார். கரை முழுவதும் வெள்ளை வெளேரென்று ஆனது. பேய் அறைந்த மாதிரி நின்றோம். மெல்ல நகரும் அந்த ஆறு இவ்வளவையும் உள்ளே வைத்துக்கொண்டா இத்தனை காலம் சும்மா போனது என்றிருந்தது எனக்கு. அண்ணி இறால் குவியலுக்குப் பக்கத்தில் குந்தி, மடங்காத விரலால் ஒரு கெளுத்தியைத் தொடாமல் சுட்டிக்காட்டினார். "தோ பாருடி, முள்ளு தெரியுது" என்று பக்கத்துப் பெண்ணிடம் சொன்னார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். அழுகை வந்துவிட்டது.

இதோடு கதை சுபம் என்றுதான் நினைத்தேன். இறாலை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

இறாலுக்கு வெளிச்சம் என்றால் கொள்ளை ஆசை. விளக்கு எரிகிற கரையோரமாகக் கூட்டம் கூட்டமாக வந்து மொய்த்தது. அந்த இடத்தில் பாடு கிடைத்தவன் வலை கிழிய அள்ளினான். தள்ளி வலை போட்டவன் வெறும் கையோடு வந்தான். குப்பத்தில் சண்டை ஆரம்பமானது. ஊர் கூடிப் பேசியது. வெளிச்சம் இறாலை இழுக்கிறது. ஆகவே அதுவும் பாட்டைச் சேர்ந்தது. அதுவும் முறையில்தான் வரவேண்டும். எந்தக் குழு எங்கே வலை போடுகிறதோ, சுழற்சிப்படி அங்கே அந்தப் பீப்பாய்ச் சக்கரத்தை இழுத்துக்கொண்டு போகட்டும் என்று முடிவு. உலகத்தில் வேறு யாருக்காவது இப்படித் தோன்றியிருக்குமா? ஆற்றிலிருந்து எடுத்த வெளிச்சத்தையும் ஆற்று மீன் மாதிரியே பங்கு போட்டுவிட்டார்கள்.

சக்கரத்தைச் செய்தவரிடம் சம்மதமா என்று கேட்டார்கள். அவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லையாம். "அதான முறை" என்றாராம்.

பற்றவைத்த இடம் விட்டுப்போன சக்கரத்தின் இரும்புக் கை ஒன்றை அவர் பட்டறைக்குக் கொண்டுவந்தபோதுதான் எனக்கு இதெல்லாம் தெரியவந்தது. இழுத்து இழுத்து உடைத்திருக்கிறார்கள். அப்படியானால் இறால் பொறுக்குகிற கரையில் வெளிச்சத்துக்கு என்ன வழி என்று கேட்டேன். பழையபடி இருட்டுத்தான் என்றார். எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது.

"பொம்பளைங்களுக்குன்னு செஞ்சதுண்ணே அது! அண்ணி வெரலுக்குன்னு செஞ்சது!"

"ஊரு பேசிட்ச்சு தங்கச்சி."

"நீங்க வாயத் தொறந்து வேணாம்னு சொல்லியிருந்தா?"

"எனுக்குன்னா ஒரு நாயம், ஊருக்குன்னா ஒரு நாயமா?"

அவரிடம் பேசிப் பயனில்லை என்று, ஞாயிற்றுக்கிழமை உடைந்த கையைச் சரிசெய்து நானே எடுத்துக்கொண்டு போனேன். குப்பத்தில் இறால் ஏலம் விடுகிற கூடத்துக்குப் பக்கத்தில் ஆண்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். அடுத்த சுழற்சியில் சக்கரம் யாருக்கு என்பதுதான் பேச்சு. அவர் நடுவில் உட்கார்ந்து, யோசிக்காமல் ஒவ்வொரு குழுவாக ஒப்பித்துக்கொண்டிருந்தார். பெண்கள் தள்ளி நின்றார்கள். ஊர்க் கூட்டத்தில் அவர்கள் பேசுகிற வழக்கமில்லை.

அவர் முடித்ததும் அண்ணி அங்கிருந்தே கேட்டார். "எல்லார் முறையும் சொல்லிட்ட. எங்க முறை எப்ப வருது?"

முதலில் யாருக்கும் புரியவில்லை. ஊர்த் தலைவர்தான் பொறுமையாகச் சொன்னார். "இன்னாமா கேக்கற? பாடு தலைக்கட்டுக்குத்தான். பொம்பளைங்களுக்கு ஏது தலைக்கட்டு?"

"வலைல வந்தத எல்லாம் நாங்கதான பொறுக்கறோம்? முள்ளு எங்க கைலதான ஏறுது? அப்ப மட்டும் முறை கேக்காம எங்களுக்கே வருதே?"

பெண்கள் பக்கத்தில் ஒரு சலசலப்பு. ஆண்கள் எல்லாரும் அண்ணனைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். அவர் முகம் அப்படி ஆகி நான் கண்டதில்லை. பக்கத்தில் இடி விழுந்தவர் மாதிரி வாய் திறந்திருந்தது. ஊரில் ஒவ்வொரு ஆணுடைய முறையையும் தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்லக்கூடிய மனிதர். தன் வீட்டிலேயே முறை இல்லாமல் ஒரு ஆள் இருப்பது அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது என்று நினைக்கிறேன்.

எழுந்தார். "என் தலைக்கட்டை எடுத்து அவ பேருக்குப் போட்டுக்கோங்கோ. நான் இனிமே பாட்டுல இல்ல."

கூட்டமே அதிர்ந்துவிட்டது. தலைக்கட்டைக் கொடுத்துவிட்டால் அந்த ஆள் ஆற்றில் இறங்க முடியாது. அவருக்கு வேறு தொழிலும் தெரியாது. தலைவர் ஏதோ சொல்ல வந்தார். அதற்குள் அண்ணி முன்னால் வந்துவிட்டார்.

"உன் முறைய எவ கேட்டா? அத்த நீயே வெச்சுக்க. நான் கேட்டது என் முறைய."

அவ்வளவுதான். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். பின்னாலேயே மற்றப் பெண்கள் இறங்கினார்கள். கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்து, சக்கரத்தை இழுத்து வந்து இறால் பொறுக்குகிற கரையோரமாக நங்கூரம் போட்டார்கள். ஒருத்தி வழுக்கி விழுந்து எழுந்து சிரித்தாள். ஆண்களில் ஒருவரும் அசையவில்லை. முறை தவறி நடந்தால் அறுத்துப்போடுகிற ஆள் நடுவில் நிற்கிறாரே, அவர் என்ன செய்வார் என்றுதான் காத்திருந்தார்கள்.

தலைவர் கேட்டார். "நீ சொல்லுபா. இது முறையா?"

"இல்ல" என்றார் அவர். "முறை இல்ல."

சொல்லிவிட்டு மறுபடி உட்கார்ந்துகொண்டார். அவர் உட்கார்ந்தபிறகு வேறு எவனும் எழுந்திருக்கவில்லை. நான் கொண்டுபோன இரும்புக் கையை வைத்துக்கொண்டு யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் நின்றேன். பிறகு பெண்களிடமே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

சக்கரம் கரையிலேயே இருந்துவிட்டது. அதன் பிறகு அவர் பட்டறைக்கு வந்தது குறைந்துபோனது. வந்தபோதும் நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. போன மழைக்காலத்துக்குப் பிறகு ஒருநாள் அண்ணி மட்டும் வந்தார். கையில் துணியில் சுற்றிய பேரிங். மாற்றித்தர வேண்டும் என்றார். அண்ணனை அனுப்பியிருக்கலாமே என்றேன்.

"அது போய்ச் சேந்து ஒரு மாசத்துக்கு மேல ஆவுது. உனுக்கு யாரும் சொல்லலயா?"

காய்ச்சலில் படுத்தவராம், எழுந்திருக்கவில்லையாம். ஸ்டூலில் உட்கார்ந்தேன். அண்ணிதான் என் தோளைப் பிடித்துக்கொண்டார். எதையாவது பேச வேண்டுமே என்று, கடைசியிலாவது அண்ணனுக்கு மனசு சமாதானம் ஆனதா என்று கேட்டேன்.

"எங்க ஆச்சு? சாவற வரைக்கும் அந்த வெளக்கு கரைல இருக்கறது தப்புன்னுதான் சொல்லிக்கினு இருந்துச்சு" என்றார் அண்ணி. "சொல்லிக்கினே தெனம் சாயங்காலம் தண்ணில எறங்கி, அதுக்கு கிரீஸ் போட்டுட்டு வரும்."